கோப்பை இருக்கிறது, சான்றிதழ் இல்லை

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் மாவட்டத்துக் காலனிகளில் மின்னொளிக் கபடிக்கு நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளை ஒட்டி இரண்டு இரவு, மூன்று இரவு ஆட்டம் நடக்கும். அறுவடை முடிந்த வயலைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, ட்யூப் லைட் கட்டி ஆடுவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அணிகள் வரும். அப்படி ஆடி வாங்கிய கோப்பையோ கேடயமோ இல்லாத தெரு நம்மிடம் இல்லை.

இப்படி ஆடி வளர்ந்த பிள்ளை பட்டப்படிப்பை முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் ஆகலாம் என்று கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறது. அங்கே முதலில் கேட்பது, “எந்தப் போட்டியில் கலந்துகொண்டாய், சான்றிதழ் எங்கே?” என்பதுதான். வீட்டில் பத்துக் கோப்பை இருக்கும். அதில் ஒன்றுகூடக் கணக்கில் வராது. மன்றம் நடத்திய போட்டி, ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ், இவற்றுக்கு அங்கே மதிப்பில்லை. அங்கீகாரம் பெற்ற அமைப்பின் போட்டியாக இருக்க வேண்டும். பள்ளி நாள்களில் குறுவட்டம், மாவட்டம் என்று போயிருக்க வேண்டும். அங்கே அழைத்துப் போக அந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இருந்திருக்க வேண்டும்.

இந்த முடிச்சைத்தான் இந்த வாரம் அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் இல்லாத பள்ளியில் படித்ததால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் ஆசிரியர் ஆக முடியவில்லை. ஆகவே அடுத்த தலைமுறைக்கும் நம் தெருவிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர் கிடைப்பதில்லை.

என்ன படித்திருக்க வேண்டும்?

முதலில் விதியைத் தெரிந்துகொள்வோம். பிளஸ் டூ, கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் பணிக்கான கல்வித் தகுதியை நிர்ணயிப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். சுருக்கமாக என்.சி.டி.இ. என்பார்கள். உடற்கல்விக்கு மூன்று படிகள் இருக்கின்றன. பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு படிப்பது டி.பி.எட். எனப்படும் டிப்ளமோ. தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கான படி இது. ஏதாவது ஒரு பட்டம் முடித்தபின் படிப்பது பி.பி.எட். உயர்நிலை வகுப்புகளுக்கு இது வேண்டும். அதற்கும் மேலே எம்.பி.எட். மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் பதவியை நோக்கிப் போகிறவர்கள் படிப்பது. அரசுப் பள்ளி வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தும். பாட ஆசிரியர்களுக்கு உள்ள டெட் தேர்வு உடற்கல்வி ஆசிரியர்களுக்கு வைக்கப்படவில்லை.

முன்பு பி.பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்தது. என்.சி.டி.இ. 2014இல் கொண்டுவந்த விதிகளின்படி 2015 முதல் அது இரண்டு ஆண்டாகிவிட்டது. பட்டத்துக்கு மூன்று ஆண்டு, பி.பி.எட்.டுக்கு இரண்டு ஆண்டு, ஆக பிளஸ் டூ முடித்த பிறகு ஐந்து ஆண்டு. எம்.பி.எட்.டும் சேர்த்தால் ஏழு ஆண்டு. கூலி வேலை பார்க்கும் வீட்டில் ஏழு ஆண்டு என்பது என்ன கணக்கு என்று நமக்குத் தெரியும். தம்பியின் படிப்பையும் தங்கையின் கல்யாணத்தையும் தள்ளிப்போடும் கணக்கு அது.

பி.பி.எட். சேர்வதற்குப் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினருக்கு அரசு விதிப்படி தளர்வு உண்டு. மதிப்பெண்ணோடு சேர்த்து இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. பள்ளிகளுக்கு இடையில், மாவட்ட அளவில், அல்லது கல்லூரிகளுக்கு இடையில் நடக்கும் விளையாட்டுப் போட்டி ஏதாவது ஒன்றில் பங்கேற்றிருக்க வேண்டும். அந்தப் போட்டி இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், இந்திய ஒலிம்பிக் சங்கம், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு, இந்திய அரசு ஆகியவற்றில் ஒன்றின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். உடற்கல்வியிலேயே பட்டம் வாங்கியவர்களுக்கு வேறு வழி உண்டு. மற்ற பட்டதாரிகளில் பலருக்கும் இதுதான் வாசல்.

இரண்டு இடங்களில் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். ஒன்று, மூன்றாண்டு உடற்கல்விப் பட்டமும் பி.பி.எட்.டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். முன்னது வெறும் பட்டம். ஆசிரியர் வேலைக்கான தொழிற்படிப்பு பின்னதுதான். இரண்டாவது, பயிற்றுநருக்கான டிப்ளமோவை வைத்துக்கொண்டு பள்ளி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நம்புகிறார்கள். பயிற்றுநர் வேலை விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில், அகாடமிகளில் இருக்கும். பள்ளிக்குத் தேவைப்படுவது வேறு.

சாந்தி சௌந்தரராஜனை நாம் மறந்திருக்க மாட்டோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த தலித் பெண். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். பதக்கம் வாங்கிய கால்கள் மறுபடியும் சூளையில் மண் மிதித்தன. பின்னர் பெங்களூரில் பயிற்றுநர் டிப்ளமோ முடித்த பிறகே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் அவருக்குப் பயிற்றுநர் வேலை உறுதியானது. ஆசியாவில் இரண்டாவதாக ஓடி வந்தவருக்கே காகிதம் தேவைப்பட்டது என்றால், குறுவட்டத்தைக்கூடப் பார்க்காத நம் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு தேவை என்று எண்ணிப் பாருங்கள்.

நூறு பேர் கணக்கு

சரி, பள்ளியில் ஏன் உடற்கல்வி ஆசிரியர் இல்லை? இதற்கும் ஒரு விதி இருக்கிறது. பலருக்கும் தெரியாத விதி.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தோடு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பள்ளிக்கு என்னென்ன இருந்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்கள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஆசிரியர் என்று வரும்போது அதன் குரல் இறங்கிவிடுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு மாணவர்களுக்கு மேல் படித்தால்தான் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு ஆள் போட வேண்டும். அதுவும் பகுதிநேரப் பயிற்றுநர் போதும். ஒன்று முதல் ஐந்து வரை உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் பற்றிப் பேச்சே இல்லை.

இந்த ‘நூறு’ என்ற எண்ணை நம் ஊர்களில் வைத்துப் பாருங்கள். வசதி உள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை மஞ்சள் வேனில் ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். காலனிக்குப் பக்கத்தில் பள்ளி இருக்கிறது என்பதற்காகவே பிள்ளையை அங்கே சேர்க்காத ஊர்த்தெருக் குடும்பங்களும் உண்டு. மிச்சமிருப்பது நம் பிள்ளைகள். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் சேர்த்து நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் ஆசிரியருக்கு உரிமை இல்லை. எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று சட்டம் கேட்பதில்லை. சாதி பார்த்துப் பள்ளியைக் காலி செய்தவர்களின் செயலுக்கு அந்தப் பள்ளியிலேயே தங்கிவிட்ட பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

கால அட்டவணையில் மட்டும் ‘பி.டி.’ என்று எழுதியிருக்கும். அந்தப் பீரியடில் கணக்கு வாத்தியார் விட்ட பாடத்தை முடிப்பார். இல்லாவிட்டால் பையன்களிடம் ஒரு பந்தைக் கொடுத்துத் திடலுக்கு அனுப்பிவிட்டுப் பெண் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்வார்கள். சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஆண்டுதோறும் விளையாட்டு நிதி வருகிறது. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000. அதில் வாங்கிய வளையமும் ஸ்கிப்பிங் கயிறும் பீரோவில் பத்திரமாக இருக்கும். எடுத்துப் பழக்கிக் கொடுக்க ஆள் இருக்காது.

நமக்குத் தெரிந்த ஒரு பெண் வரலாற்றில் பட்டம் வாங்கியவர். கபடியில் அவர் காலைப் பிடித்து நிறுத்த மூன்று பேர் வேண்டும். படித்த நடுநிலைப் பள்ளியில் பி.டி. ஆசிரியர் கிடையாது. உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் இருந்தார். ஆனால் பெண் பிள்ளைகளைக் குறுவட்டத்துக்கு அழைத்துப் போக ஆசிரியை இல்லை என்று சொல்லி அணியே அனுப்பவில்லை. கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் பயிற்சிக்கு நின்றால் கடைசி பஸ் போய்விடும் என்பதால் அங்கேயும் அணியில் சேரவில்லை. பி.பி.எட். சேரப் போனபோது கையில் காட்ட ஒன்றுமில்லை. இன்று அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வரும்போது தெருப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறார். கற்பிக்கும் திறமை அவரிடம் இருக்கிறது. அதை நிரூபிக்கும் காகிதத்தைத் தரவேண்டியவர்கள் எவரும் தரவில்லை.

வாரத்தில் மூன்று அரை நாள்

தமிழ்நாட்டில் இந்தக் குறையை நிரப்ப அரசு ஒரு வழி கண்டது. 2011 நவம்பரில் வெளியான அரசாணை 177இன்படி, அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் கீழ் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் 2012இல் நியமிக்கப்பட்டார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி எனப் பல பிரிவினர் இதில் அடக்கம். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். அது படிப்படியாக ஏறி 10,000 ஆகி, பிறகு 12,500 ஆனது. மே மாதச் சம்பளம் இல்லை என்பது அவர்களின் நீண்டநாள் குமுறலாக இருந்தது. இறந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேறு வேலைக்குப் போனவர்கள் போக இப்போது சுமார் 12,000 பேர் இருக்கிறார்கள். நிரந்தரம் செய்வோம் என்று தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கை சொன்னது. அதை நினைவூட்டி அவர்கள் சென்னையில் பலமுறை தரையில் உட்கார்ந்து போராடிவிட்டார்கள்.

இதில் நமக்கு இரண்டு கவலை. முதலாவது, அரை நாள் வருகிற ஆசிரியரால் அணி உருவாக்க முடியாது. குறுவட்டப் போட்டிக்கு முன்பு ஒரு மாதமாவது காலையிலும் மாலையிலும் பயிற்சி வேண்டும். இன்னொரு வேலைக்கு ஓடிப்போய்ப் பிழைக்க வேண்டிய நிலையில் ஆசிரியரை வைத்துவிட்டு அவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

இரண்டாவது, இட ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். நிரந்தரப் பணியிடத்தை அறிவித்து, தேர்வு வைத்து, இனச்சுழற்சிப்படி நிரப்பும்போதுதான் இந்த எண்ணுக்கு உயிர் வரும். 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணிக்கு அறிவிப்பு வெளியிட்டபோது உடற்கல்விக்கு மட்டும் 663 இடங்கள் இருந்தன. 18 சதவீதம் என்றால் ஏறக்குறைய 119 இடம். 119 தலித் குடும்பங்களில் ஒரு நிரந்தரச் சம்பளம். 119 பள்ளித் திடல்களில் நம்மவர் ஒருவர். அந்த நியமனமும் வழக்குகளில் சிக்கி இழுபட்டது. பணியிடத்தை நிரப்பாமல் போட்டு வைக்கும் ஒவ்வோர் ஆண்டும் இட ஒதுக்கீட்டையும் சேர்த்தே முடக்குகிறோம் என்பதை ஆட்சியில் இருப்பவர்கள் உணர வேண்டும்.

விசிலும் பிரம்பும்

உடற்கல்வி ஆசிரியர் விளையாட்டு மட்டும் சொல்லித் தருபவர் அல்லர். நம் பள்ளிகளில் ஒழுங்குக்குப் பொறுப்பாளரும் அவர்தான். காலை வழிபாட்டில் வரிசை நிறுத்துவது, தாமதமாக வந்தவனை வாசலில் மடக்குவது, முடி வெட்டாதவனைப் பிடிப்பது, கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்வது எல்லாம் அவர் வேலை. அந்தக் கயிற்றின் நிறத்தில் சாதி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். யார் கையில் இருக்கும் கயிற்றைக் கண்டும் காணாமல் விடுகிறார், யாருடைய முடியைப் பிடித்து இழுக்கிறார் என்பதிலும் சாதி இருக்கிறது. அணிக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறார், யாரைக் கேப்டன் ஆக்குகிறார், குடிதண்ணீர்க் குடத்தை யாரைத் தூக்கச் சொல்கிறார், திடலைப் பெருக்க யாரைக் கூப்பிடுகிறார் என்று பிள்ளைகள் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இது புதிய கதை அல்ல. பல்வங்கர் பாலு புணேயில் வெள்ளையர் கிளப்பில் கிரிக்கெட் திடலைப் பராமரிக்கும் வேலையில் இருந்து, வலைப்பயிற்சியில் பந்து வீசிப் பழகியவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு அணித் தலைவர் பதவியைச் சாதி கொடுக்கவில்லை. திடலைச் செப்பனிடலாம், பந்தும் வீசலாம், தலைமை தாங்கக் கூடாது. நூறு ஆண்டு கழித்து நம் பள்ளித் திடல்களில் அந்த வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டியது நம் கடமை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, அரசு நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. அந்தக் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு ஆகியவற்றைப் பள்ளிக்குள் தடை செய்ய வேண்டும் என்றது. சாதிப் பாகுபாடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் முதலியன குறித்து ஆசிரியர்களுக்குக் கட்டாயப் பயிற்சி வேண்டும் என்றது. இந்தப் பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டியது விசில் வைத்திருப்பவரிடம்தான். உடற்கூறியலும் தசை இயக்கமும் படித்துவிட்டு வருகிறவருக்கு, தன் முன்னால் நிற்கும் நாற்பது உடல்களில் எந்தெந்த உடல் தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதையும் தகுதியின் ஒரு பகுதியாக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மாரியப்பன் தங்கவேலு சாட்சி. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில், தாய் காய்கறி விற்றுக் காப்பாற்றிய வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் பஸ் ஏறிக் கால் சிதைந்தது. அவரிடம் உயரம் தாண்டும் திறமை இருப்பதைக் கண்டு ஊக்கப்படுத்தியவர் அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அந்த ஆசிரியர் அந்தப் பள்ளியில் இல்லாதிருந்தால் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

தகுதியைக் குறைக்கச் சொல்கிறோமா?

இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ஒரு குரல் வரும்: “உங்களுக்காகத் தகுதியைக் குறைக்க வேண்டுமா?” இல்லை. தகுதியைக் குறைக்கும்படி நாம் ஒருபோதும் கேட்கவில்லை. தகுதி இல்லாத ஆசிரியரை அரசு முதலில் எங்கே அனுப்பும் என்று நமக்குத் தெரியும். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குத்தான். ஆகவே முழுத் தகுதி பெற்ற, முழுநேர ஆசிரியர் வேண்டும் என்பதில் மற்றவர்களைவிட நமக்கே அக்கறை அதிகம்.

வெள்ளையர் காலத்தில் பள்ளிகளில் ‘ட்ரில் மாஸ்டர்’ இருப்பார். படையிலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்கள் பலர் அந்த வேலைக்கு வந்தார்கள். லெஃப்ட், ரைட் போடத் தெரிந்தால் போதும். உடற்பயிற்சி என்பது கல்வியின் ஒரு பகுதி, அதற்குப் படித்த ஆசிரியர் வேண்டும் என்று சொல்லி 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். நம் மாநிலத்துக்கென்று தனியாக உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகச் சட்டமே 2004இல் வந்தது. இந்த வளர்ச்சியை நாம் மதிக்கிறோம். நாம் கேட்பது, அந்தக் கல்லூரிகளின் வாசலுக்கு நம் காலனிகளிலிருந்தும் ஒரு பாதை போட வேண்டும் என்பதுதான்.

உடல் உழைப்புக்கு நாம், உடற்கல்விக்கு மற்றவர் என்ற பங்கீடு எங்கும் எழுதப்படவில்லை. எழுதாமலே நடந்துகொண்டிருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது

ஒன்று: நூறு பேர் என்ற வரம்பை மத்திய அரசு மாற்றும் வரை மாநில அரசு காத்திருக்கத் தேவையில்லை. அருகருகே உள்ள மூன்று, நான்கு சிறு நடுநிலைப் பள்ளிகளைச் சேர்த்து ஒரு முழுநேர உடற்கல்வி ஆசிரியரைப் போடலாம். நூறு பேர் கணக்கும் தீரும், பணியிடமும் உருவாகும்.

இரண்டு: ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றிலுள்ள உடற்கல்விப் பணியிடங்களின் நிலையைப் பள்ளிவாரியாக வெளியிட வேண்டும். அங்குள்ள பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர் வேண்டும். வயதுக்கு வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடும் பிள்ளைகளின் எண்ணிக்கை அப்போதுதான் குறையும்.

மூன்று: உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியிலிருந்தும் பிள்ளைகள் குறுவட்டப் போட்டிக்கு வந்தார்களா என்று பார்க்கும் பொறுப்பை மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்குக் கொடுக்க வேண்டும். பொறுப்பாசிரியர் ஒருவர் அழைத்து வந்தால் போதும். ஒரு பஸ் கட்டணம்தான் செலவு. அதில் கிடைக்கும் பங்கேற்புச் சான்றிதழ் பத்தாண்டு கழித்து ஒரு வேலையாக மாறும்.

நாம் செய்ய வேண்டியது

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம்பி தங்கைகளே, பள்ளியில் விட்டதைப் பிடிக்க உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் பங்கேற்றாலே பி.பி.எட். நிபந்தனைக்குப் பொருந்தும். வெல்ல வேண்டும் என்றுகூட இல்லை. கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். கபடி, கோகோ, தடகளம், எதுவானாலும் அணியில் பெயர் கொடுங்கள். சான்றிதழைக் கையோடு வாங்குங்கள். பெயர், பிறந்த தேதி, போட்டியின் பெயர், நடத்திய அமைப்பு, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

சேரும் கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும் என்.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள். அந்தக் குழுமத்தின் இணையதளத்திலேயே பட்டியல் இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. வேலைக்குரிய படிப்பையும் தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். பி.பி.எட். எந்த வழியில் நடத்துகிறார்கள் என்று சேரும் முன்பே கேளுங்கள்.

கட்டணத்தைக் கண்டு பின்வாங்க வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. தனியார் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி, கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் 2012ஆம் ஆண்டு அரசாணை 92 இருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் விண்ணப்பம் தொடங்கும் முன்பே எடுத்து வையுங்கள்.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கும் உண்டு. அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் இருக்கிறதா? இந்த ஆண்டு விளையாட்டு நிதியில் என்ன வாங்கினீர்கள்? எத்தனை பிள்ளைகளைக் குறுவட்டத்துக்கு அனுப்பினீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

காலனி மன்றங்களுக்கு ஒரு வார்த்தை. போட்டி நடத்த ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, மன்றத்தை மாவட்ட கபடிக் கழகத்தில் பதிவு செய்ய வழி கேளுங்கள். மாவட்டத் தேர்வுப் போட்டிகள் எப்போது என்று கேட்டு, தேதியைத் தெருவில் எழுதிப் போடுங்கள். கோப்பையோடு நின்றுவிடாமல் பிள்ளையை அந்தத் தேர்வுக்கும் அனுப்பி வையுங்கள். எந்தப் பிள்ளையிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அதுவே பெரிய தொண்டு.

பள்ளி திறந்ததும் குறுவட்டப் போட்டிக்கான பெயர்ப் பட்டியல் கேட்பார்கள். நம் பள்ளியிலிருந்து அந்தப் பட்டியல் போயிற்றா என்று கேட்பதிலிருந்து தொடங்குவோம்.